பஞ்சமத்தில் வந்து அமர்ந்த கூவல்

சபை எழுந்துகொண்டிருந்தது.

நானூறு பேர் எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கணக்குப் பார்த்திருக்கிறார்களா? அன்று நான் பார்த்தேன். முதலில் வாலிபர்கள் எழுவார்கள். அடுத்து, குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பெண்கள். பிறகு முழங்கால் வலிக்காரர்கள், முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு. கடைசி வரிசையில் ஒருவர் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எடுத்த சேவலைக் கால்களுக்கிடையில் இடுக்கி வைத்திருந்தார். அதை என்ன செய்வது என்று சற்று யோசித்து, கக்கத்தில் வைத்தபடி அவரும் எழுந்தார்.

அவ்வளவு நேரமும் கிரேஸ் அக்காவின் விரல் கீபோர்டில் ஒரே விசையை அழுத்திக்கொண்டிருந்தது. சட்ஜமம். பந்தல் முழுக்க அந்த ஒரே சுரம் நின்றது. அது அந்தச் சபையின் வழக்கம்: பாட்டின் முதல் சுரத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள், கடைசி ஆளும் நின்ற பிறகு போதகர் கையை உயர்த்துவார், அப்போதுதான் பாட்டு நகரும்.

போதகர் கையை உயர்த்தினார். கிரேஸ் அக்கா அடுத்த விசையைத் தொட்டார். சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு, வயலினில் விரல் வழுக்குவதுபோல, ஒலி வழுக்கிப் போக வேண்டும்.

போகவில்லை. வீறிட்டது.

அதை எப்படி எழுதுவது என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். ஊசியைக் காதுக்குள் செருகி மேலே இழுத்து, அதே வேகத்தில் கீழே இழுத்ததுபோல. ஒரு நொடிதான். குழந்தைகள் ஒரே குரலாக அழத் தொடங்கின. சேவல் கக்கத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வாழைக்குலைகளின் மேல் பாய்ந்தது. என் முன்னால் நின்ற அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “கர்த்தாவே!” என்றார்.

இதைவிடப் பயங்கரம் அடுத்த கணம் நடந்தது. அந்த வீறல் இறங்கி வந்து, ஒன்றுமே நடக்காததுபோல, பஞ்சமத்தில் சுத்தமாக அமர்ந்து, அங்கேயே இனிமையாக ஒலித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒலியை உண்டாக்கிய கணினி நிரலை எழுதியவன் நான்.

கரையான் தின்ற தேதி

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நான் தேதிப் பைத்தியம் என்பது தெரியும். அப்படிப்பட்டவன் இந்த அத்தியாயத்தில் மட்டும் ஏன் மழுப்புகிறான் என்று தோன்றலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சில ஆண்டுகளின் நாட்குறிப்புகளைத் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் என் அண்ணனின் இரும்புக் கடைப் பரணில், ஆணி மூட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். இரும்புக் கடையில் இரும்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கரையான் தின்னும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை என்பது நிச்சயம். துலா மாத மழை, நம் ஐப்பசி மழை, இன்னும் விட்டபாடில்லை என்பதும் நிச்சயம், பந்தலின் ஓரங்களில் நீர் சொட்டியது நினைவிருக்கிறது. நூற்றாண்டு மாறும்போது உலகத்துக் கணினிகளெல்லாம் நின்றுவிடும் என்று பயமுறுத்தினார்களே, அந்தப் பீதி அடங்கி ஓரிரு வருடம் ஆகியிருக்கும். இதற்கு மேல் என்னிடம் ஆதாரம் இல்லை.

எண்ணி வைக்கும் இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கோட்டைக்குள் இருக்கும் மேத்தன் மணிக் கடிகாரத்தைத்தான் சொல்வேன். ஒவ்வொரு மணிக்கும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் இரு பக்கமிருந்தும் வந்து ஒரு தாடிக்காரப் பொம்மையின் கன்னத்தில் முட்டும். பள்ளிவிட்டு வரும்போது அதன் கீழே நின்று, இன்று எத்தனை விநாடி தாமதமாக முட்டியது என்று குறித்துக்கொள்வேன். பார்க்க வேண்டியது ஆட்டையா கடிகாரத்தையா என்று அண்ணன் கேலி செய்வான். தொடக்கத்திலிருந்து நேரத்தை எண்ணாவிட்டால் எனக்கு எதுவும் புரியாது. இது பலம் என்றே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை என்ன செய்தது என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கட்டுப் போட்ட கை

நான் அப்போது நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு சிறு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழ்ப்பகுதியில் சாந்தகுமார் அண்ணனும் அவர் மனைவி கிரேஸ் அக்காவும். எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துக்காரர்கள். சாந்தகுமார் அண்ணன் (இனி அண்ணன் என்றால் இவர்தான்) சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் ஸ்டாக் பார்ப்பவர். ஞாயிறுகளில் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் வயலின். அக்கா அதே குழுவில் கீபோர்டு.

அண்ணன் பத்து வருடமாகச் சொந்தமாக ஒரு பாட்டு கட்டி வைத்திருந்தார். பத்து வருடமும் அதைப் பாட இடம் கேட்டுக்கொண்டிருந்தார். சபைச் செயலர் தங்கையா சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்வார்: “உள்ள பாட்டையே ஒழுங்காப் பாடாண்டாமா ஓய்?”

அந்த வருடம் அண்ணனுக்கு வளைகுடாவிலிருந்து விசா வந்தது, ஸ்டோர் கீப்பர் வேலைக்கு. போனால் எப்போது திரும்புவாரோ தெரியாது. தங்கையா சார் இறங்கிவந்து, அறுப்பின் பண்டிகையில் மதிய உணவுக்குப் பின் ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்தார். ஒரே ஒரு தடவை. பண்டிகை முடிந்து பதினோராம் நாள் அண்ணனுக்கு விமானம்.

இடம் கிடைத்த மறுவாரம், மழை ஈரத்தில் கடைப்படியில் வழுக்கி விழுந்து அண்ணன் இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வயலின்காரனுக்கு இடது கை போனால் என்ன மிச்சம்? முழங்கை வரை மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் அழவில்லை. கட்டிய கையைப் பார்த்து, “நல்லா வெள்ளையடிச்சிருக்கான், பாத்தியா” என்றார். அக்காதான் அழுதார்.

மாடிப்படியில் உட்கார்ந்து அண்ணன் எனக்கு அந்தப் பாட்டை முனகிக் காட்டினார். சட்ஜமம் நெடுநேரம் நிற்கும். பிறகு ஒரே இழுப்பில் பஞ்சமம். அந்த இழுப்பில்தான் பாட்டின் உயிர்.

“கிரேஸ் அக்கா கீபோர்டில் வாசித்தால் என்ன?”

“கீபோர்டில சுரம் தனித்தனி மாத்திரையாக்கும் தம்பி. ஒண்ணை முழுங்கிட்டு அடுத்ததை முழுங்கணும். நடுவில ஒண்ணும் கிடையாது.”

“யாராவது குரலில் பாடினால்?”

“மனுஷனுக்கு அவ்வளவு மூச்சு எங்கே இருக்கு? சபை எழும்பி முடியற வரைக்கும் அந்த ‘ச’ நிக்கணும், கேட்டியா?”

நான் கேட்டேன். அன்றே நோட்டில் எழுதியும் வைத்தேன்: ‘சபை எழுந்து முடியும் வரை நிற்க வேண்டும்.’ கோடிட்டு வைத்தேன். கோடிட்டு வைத்த வரியை மனிதன் மறுபடி படிக்கிறானா என்ன?

படிக்கட்டும் சறுக்கும்

என்னிடம் தவணையில் வாங்கிய ஒரு கணினி இருந்தது. ஒலியைக் கணக்காகவே உண்டாக்கும் ஒரு சிறு நிரலை ஓய்வு நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். விநாடிக்கு இருபத்திரண்டாயிரம் எண்களைக் கணக்கிட்டு வரிசையாக அனுப்பினால் ஸ்பீக்கர் அதைச் சுரமாக்கும். அக்காவின் கீபோர்டை ஒரு கம்பியால் இதனோடு இணைத்துவிட்டால், கீபோர்டு வெறும் விசைப்பலகை, ஒலி என்னுடையது. என்னுடையது என்றால் எப்படி வேண்டுமானாலும் வழுக்கவும் வைக்கலாம்.

அப்படித்தான் நினைத்தேன்.

முதல் முயற்சியை அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். நான் எண்களைத் துண்டு துண்டாக அனுப்பினேன், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே சுருதி வைத்து. “இது படிக்கட்டுல்லா. ஒரு செம்பு உருண்டு வருது” என்றார் அண்ணன். உண்மை. ஒவ்வொரு எண்ணுக்கும் சுருதியைத் தனியாகக் கணக்கிட வைத்தேன். படிகள் மறைந்தன.

இரண்டாவது முயற்சியில் சறுக்கு தொடக்கத்தில் அவசரப்பட்டது, முடிவில் இழுத்தது. அண்ணன் தலையை ஆட்டினார். “பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டு, ஏறினதும் தூங்கறவன் மாதிரி.” அதிர்வு எண்ணைச் சமமாகக் கூட்டிக்கொண்டே போயிருந்தேன். காது கூட்டலை அறியாது, விகிதத்தைத்தான் அறியும். சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவு இரண்டுக்கு மூன்று. அந்த இடைவெளியைச் சம விகிதங்களாக நடந்து கடக்க வேண்டும். மாற்றினேன். வண்டி கிளம்புவதுபோல மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கவும் செய்தேன்.

மூன்றாவது முறை கிரேஸ் அக்கா வாசித்தபோது அண்ணன் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார்.

“தம்பி! இதை எப்படிச் செய்தே?”

“எதை?”

“பஞ்சமத்தைத் தாண்டி மேலே ஒரு எட்டுப் பாத்துட்டு இறங்கி உக்காருதே! அதைத்தான் நான் விரல்ல செய்வேன். உனக்கு நான் சொல்லவே இல்லையே!”

நான் அதைச் செய்யவில்லை. என் கணக்கின்படி சுரம் பஞ்சமத்தைத் தாண்டவே கூடாது. ஏன் தாண்டுகிறது என்று அன்றே தேடியிருக்க வேண்டும். ஆனால் ஒரு கலைஞன் கண்கலங்கிப் பாராட்டும்போது, “இல்லை அண்ணே, இது பிழை” என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எனக்கு வரவில்லை. சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் முகம் சுடுகிறது.

மூன்று வாரம் ஒத்திகை நடந்தது. அண்ணன் கட்டிலில், அக்கா நாற்காலியில், நான் தரையில். எழுந்து நிற்க அங்கே சபை ஏது? அக்கா சட்ஜமத்தைத் தொடுவார். “சபை எழும்பிட்டுன்னு வச்சுக்கோ” என்பார் அண்ணன். அக்கா உடனே பஞ்சமத்துக்குப் போவார். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தடவையும், சபை எழும்பிவிட்டது என்று வைத்துக்கொண்டோம்.

பழி யார் மேல்

மறுபடி பந்தலுக்கு வருகிறேன்.

கணினியின் சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் ஒரு மைக் வைத்திருந்தார்கள். அது சுகுமாரனுடைய மைக். சாலைப் பக்கத்துச் சந்தில் மைக் செட் கடை வைத்திருந்த மலையாளி. கோவில், சபை, கட்சி, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவர்தான் ஒலிபெருக்கி ஹார்ன் கட்டுவார். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில்.

வீறல் எழுந்த அந்த நொடியில் நான் உறைந்து நின்றேன். தங்கையா சார் உறையவில்லை. முதலிலிருந்தே அவருக்கு அந்த இயந்திரம் பிடிக்கவில்லை, “ஆலயத்தில இது எதுக்கு?” என்று காலையிலேயே முணுமுணுத்திருந்தார். இப்போது வேட்டியை மடித்துப் பிடித்தபடி நேராகக் கணினியின் பிளக்கை நோக்கி ஓடினார். அண்ணன் மாவுக்கட்டுக் கையை நீட்டி, “ஐயா! ஐயா!” என்றார். அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பத்து வருடப் பாட்டு, முதல் சுரத்தோடு சாகப்போகிறது.

அப்போது பந்தல் மூலையிலிருந்து சுகுமாரன் கத்தினார்: “மைக்காக்கும்! கூவியது மைக்காக்கும்! எண்ட தப்பு, எண்ட தப்பு!”

தங்கையா சார் பாதியில் நின்று, திரும்பினார். கோபம் முழுவதும் திசை மாறியது. “உமக்கு எத்தனை தடவை சொல்லுது ஓய்! அறிவுண்டா? கைக்குழந்தைகள் இருக்கிற இடம்!” சுகுமாரன் ஆம்ப்ளிபயரின் மேல் குனிந்து ஏதோ குமிழைத் திருகினார். பஞ்சமம் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தப் பஞ்சமம்தான் பாடகர் குழுவுக்குக் குறி. பழக்க தோஷத்தில் பெண்குரல்கள் அதைப் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கிவிட்டன. பாட்டு நகர்ந்தது.

நான்கு சரணம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அந்தச் சறுக்கு. சபை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் காத்திருக்க வேண்டியதில்லை; அக்கா சட்ஜமத்தைத் தொட்டதும் பஞ்சமத்துக்கு நகர்ந்தார். ஒவ்வொரு முறையும் என் கை காதுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் அது அழகாக மேலே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி அமர்ந்தது. சுகுமாரன் குமிழைத் திருகிய பிறகு ஒரு கூவலும் இல்லை. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? மைக்தான் என்று நானும் நம்பினேன்.

பாட்டு முடிந்தது. பிறகு பின்வரிசையில் யாரோ “ஆமென்” என்றார்கள். தங்கையா சார் அண்ணனிடம் வந்து, “ஓய், பாட்டு கொள்ளாம், நல்லாருக்கு. கிறிஸ்மஸுக்கும் பாடலாம். நோட்டுல எழுதிக் குடும்” என்றார். அண்ணன் என் தோளைப் பிடித்தார்.

அதே மூச்சில் தங்கையா சார் சுகுமாரனைப் பார்த்து, “நீரு கிறிஸ்மஸுக்கு வராண்டாம்” என்றார்.

சுகுமாரன் தலையாட்டிவிட்டுக் கம்பியைச் சுருட்டினார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அண்ணன் கசப்போடு சொன்னார்: “பத்து வருஷம் காத்திருந்து, தொடக்கத்தில மண்ணை அள்ளிப் போட்டுட்டான் அந்த மைக்குக்காரன்.” நானும் ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பித்தளைப் பூட்டு

ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மாலை. இரண்டு நாளில் அண்ணனுக்கு விமானம். கீழே பெட்டி கட்டும் சத்தம். அதற்கு முந்தைய வெள்ளியன்றுதான் மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். மணிக்கட்டு மரக்கட்டைபோல விறைத்திருந்தது.

அண்ணன் எடுத்துப்போக அந்தச் சறுக்கை ஒரு கேசட்டில் பதிவு செய்துகொண்டிருந்தேன். சட்ஜமத்தை அழுத்தியபோது மழை பிடித்தது. ஜன்னல் திறந்திருந்தது, மெத்தை நனைந்துகொண்டிருந்தது. சுரத்தை விட மனமில்லாமல், மேசையில் கிடந்த, என் சொந்த அண்ணனின் இரும்புக் கடைப் பித்தளைப் பூட்டை அந்த விசையின் மேல் வைத்துவிட்டு ஓடினேன். இரண்டு ஜன்னல்களையும் சாத்தி, மெத்தையைப் புரட்டிப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சட்ஜமம் நின்றுகொண்டிருந்தது. பஞ்சமத்தைத் தொட்டேன்.

வீறிட்டது.

அதே ஊசி. அதே ஏற்றம், அதே இறக்கம். இறங்கி வந்து பஞ்சமத்தில் அதே சாதுவான அமர்வு.

நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டேன். கீழிருந்து கிரேஸ் அக்கா, “என்னாச்சு தம்பி?” என்று கத்தினார். நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். மேசை, மெத்தை, கணினி, கீபோர்டு, பூட்டு.

அறையில் மைக் இல்லை.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு எல்லாம் சுலபம். வாசகர்களுக்கு இப்படிச் சொல்கிறேன்: சுருதி என்பது பேருந்தின் வேகம், ஒலி அலை எங்கே இருக்கிறது என்பது பேருந்து இருக்கும் இடம். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பேருந்து தெற்கே கிளம்புகிறது. மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடி, நாகர்கோவிலை நெருங்கிவிட்டது. அறுபது கிலோமீட்டர். இப்போது ஓட்டுநர் வேகத்தை நாற்பத்தைந்தாக்குகிறார். பேருந்து எங்கே இருக்கும்? அதே இடத்தில்தான், இனிமேல்தான் வேகமாகப் போகும். என் நிரல் அப்படிக் கணக்கிடவில்லை. இப்போதைய வேகம் நாற்பத்தைந்து, கிளம்பியதிலிருந்து இரண்டு மணி நேரம், ஆகவே தொண்ணூறு கிலோமீட்டர் என்று பெருக்கியது. பேருந்தைக் கன்னியாகுமரி தாண்டிக் கடலுக்குள் கொண்டு நிறுத்தியது.

அந்த முப்பது கிலோமீட்டரை ஒரு நொடியில் தாவிக் கடந்த சத்தம்தான் அந்த வீறல். தாவி முடித்து வேகம் நிலைத்ததும் எல்லாம் சரி, சுரம் சுத்தம். ஒத்திகையில் பேருந்து புறப்பட்டு நாலு கெஜம் போவதற்குள் வேகம் மாறியது. தாவலும் நாலு அடிதான். அண்ணன் உயிர் என்று கொண்டாடிய அந்த எட்டிப் பார்வை அந்த நாலடித் தாவல். சபை எழுந்து நிற்க எடுத்துக்கொண்ட ஒவ்வொரு விநாடியும் தாவலை நீளமாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள். சேவல்காரர்.

செய்ய வேண்டியது எளியது: இதற்கு முன் இருந்த இடத்திலிருந்து ஒரு அடி, அங்கிருந்து இன்னொரு அடி. தொடக்கத்திலிருந்து எண்ணவே கூடாது. ஆனால் தொடக்கத்திலிருந்து எண்ணுகிறவன் எழுதிய நிரல் அல்லவா அது.

கீழே போனேன். அண்ணன் பெட்டியில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். வேட்டி கையில் அப்படியே நின்றது.

“அப்போ அந்த மைக்குக்கார மனுஷன்?” என்றார்.

பஞ்சமம் அறியும் மைக்

புதன்கிழமை காலை கடை திறக்கும் நேரத்துக்கு இருவரும் சுகுமாரன் கடைக்குப் போனோம். ஒரு ஆள் அகலம். சுவரெல்லாம் ஹார்ன்கள், பெரிய ஊமத்தம்பூக்கள் மாதிரி. சுகுமாரன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து கம்பிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஆ, அண்ணா! கை செரியாயோ?”

வழியெல்லாம் தயாரித்து வந்த வாக்கியங்களை விட்டுவிட்டேன். “சுகுமாரன், அன்றைக்குக் கூவியது உங்கள் மைக் இல்லை. என்னுடைய பிழை” என்று மட்டும் சொன்னேன்.

அவர் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். “அது எனக்குத் தெரியுமல்லோ சாரே.”

நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“மைக்கு கூவினா ஒரே சுருதியில கூவும். வால்யூம் நாபைக் குறைக்கிற வரைக்கும் நிக்காது. இது மேல கேறி, கீழ இறங்கி, கரெக்டா ‘ப’வில வந்து இருந்து. எண்ட கை நாபுக்குப் போகும் முன்ன அது தீர்ந்துபோச்சு.” பென்சிலைக் காதிலிருந்து எடுத்து ஹார்ன்களைக் காட்டினார். “பஞ்சமம் அறியுற மைக்கு ஒண்ணுகூட எண்ட கடையில இல்ல சாரே.”

“பின்னே எதுக்கு ஓய் உம்ம தப்புன்னு விளிச்சீரு?” அண்ணன் குரல் ஏறக்குறையக் கோபமாகவே இருந்தது.

“பிளக்கைப் பிடுங்க தங்கையா சார் ஓடுறதைக் கண்டேன். பிளக்கு போனா அண்ணண்ட பாட்டு போச்சு. அண்ணன் பிளைட்டு ஏறிப் போகுற ஆளல்லே? மைக்குக்காரன் இங்கதான உண்டு. ஏச்சு கேக்குறது நமக்கு ஞாயிறாழ்ச்சதோறும் உள்ளது.” சிரித்தார். “ஒரு கிறிஸ்மஸ் போனா ஒரு உற்சவம் வரும்.”

(தங்கையா சாரிடம் அடுத்த ஞாயிறு நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஹார்ன் கட்டியது சுகுமாரன்தான். பாட்டையும் சபை நோட்டிலிருந்து நீக்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் எழுதிக் கேட்பீர்கள்.)

அண்ணன் ஒரு ஹார்னைத் தடவிப் பார்த்தார். கடைசியில், எதையாவது கேட்க வேண்டுமே என்பதுபோலக் கேட்டார்: “பாட்டு எப்படி இருந்துச்சு?”

சுகுமாரனின் முகம் மாறியது. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது.

“ஞான் கேக்கல்ல அண்ணா.”

“கேக்கல்லியா?”

“எப்படிக் கேக்கும்? திரும்பவும் கூவினா என்ன சொல்லுறது? தொடக்கம் முதல் ஒடுக்கம் வரை நாபில கை வச்சு, தங்கையா சாரையே பாத்துட்டு நின்னேன். ஒரு வரி செவியில கேறல்ல.”

அந்தக் கூவல்கூட என்னை இப்படி அதிர வைத்ததில்லை. பாட்டைக் காப்பாற்றிய ஒரே மனிதர், அந்தப் பந்தலில் பாட்டைக் கேட்காத ஒரே மனிதர்.

வெளியே சந்தில் அரிசி மூட்டை வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது கடக்கும் வரை அண்ணன் காத்திருந்தார். பிறகு விறைத்த கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, சட்ஜமத்தைப் பிடித்தார்.

பெரிய குரல் இல்லை. மூச்சும் அதிகம் இல்லை. சுரம் நின்றது. அண்ணன் நகரவில்லை. சுகுமாரனையே பார்த்தபடி அதே சுரத்தில் நின்றார். சுகுமாரன் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். சுரம் நின்றது. அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது.

அப்போதுதான் சுகுமாரனுக்குப் புரிந்தது. டேப்பை வைத்துவிட்டு, மடியில் கிடந்த கம்பியை ஒதுக்கி, பெட்டியிலிருந்து எழுந்து நின்றார்.

அண்ணன் நகர்ந்தார். பஞ்சமத்தைத் தாண்டி மேலே ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து அமர்ந்தார்.